இணையதளத்திற்கு முதற்படி தளப்படம்

கிராமத்தில் ஒரு பள்ளிக் கட்டிடம் எழுப்ப வேண்டுமானால் முதலில் வரைபடம் தயாராகிறது. அறைகள் எத்தனை, வாயில் எந்தத் திசையில், கிணறு எங்கே என்பன எல்லாம் காகிதத்தில் முடிவான பின்னரே கடைக்கால் தோண்டப்படுகிறது. வாய்க்கால் வெட்டுவதாயினும், சாலை போடுவதாயினும் முறை இதுவே. வரைபடமும் மதிப்பீடும் இல்லாத வேலையை நாம் தொடங்குவதில்லை. ஆனால் ஊராட்சிகளும், கூட்டுறவுச் சங்கங்களும், மகளிர் குழுக்களின் கூட்டமைப்புகளும் தத்தமக்கென ஓர் இணையதளம் அமைத்துக்கொள்ள முற்படும்போது மட்டும் இந்த நல்வழக்கம் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

“நமக்கும் ஒரு தளம் வேண்டும்” என்று தீர்மானம் நிறைவேறுகிறது. வடிவமைப்பவர் ஒருவர் அமர்த்தப்படுகிறார். எந்த நிறம், எந்தப் படம், யாருடைய வாழ்த்துச் செய்தி முதலில் என்ற பேச்சிலேயே நாட்கள் கழிகின்றன. தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்க வேண்டும், எது எதன்கீழ் அடங்க வேண்டும் என்ற கேள்வி எழுவதில்லை. சுவர் கோணலாக எழுந்தால் தெருவில் போகிறவர்கூடச் சுட்டிக்காட்டுவார். இணையதளத்தின் கோணலோ தேடி வந்தவருக்கு மட்டுமே தெரிகிறது. அவர் முறையிடுவதும் இல்லை; கைப்பேசியை மூடி வைத்துவிட்டு மறுநாள் காலை பேருந்து ஏறிவிடுகிறார். மனுவை எங்கே கொடுப்பது என்ற ஒரு வரி விடை கிடைக்காத காரணத்தால் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அவருக்கு நஷ்டமாகின்றன. இந்த நஷ்டத்தைத் தவிர்க்க உதவும் எளிய சாதனம்தான் தளப்படம்.

தளப்படம் என்பது யாது?

ஏரியிலிருந்து மதகின் வழியாகத் தண்ணீர் தலைவாய்க்காலில் இறங்குகிறது. அங்கிருந்து கிளைவாய்க்கால்களாகப் பிரிகிறது. கடைசியில் ஒவ்வொரு வயலின் மடைக்கும் வந்து சேருகிறது. இணையதளத்தின் அமைப்பும் இத்தகையதே. முகப்புப் பக்கம் மதகு. அதிலிருந்து பிரியும் முதன்மைத் தலைப்புகள் தலைவாய்க்கால்கள். அவற்றின்கீழ் வரும் பக்கங்கள் கிளைகள். தேடி வந்தவர் படிக்க விரும்பும் பக்கமே வயல். இந்த அமைப்பு முழுவதையும் கட்டங்களாலும் கோடுகளாலும் ஒரே பார்வையில் காணும்படி வரைந்து காட்டுவதே தளப்படம். ஒரு கட்டம் ஒரு பக்கத்தைக் குறிக்கும். ஒரு கோடு, எந்தப் பக்கத்திலிருந்து எதற்குப் போகலாம் என்பதைக் குறிக்கும்.

இதே பெயரால் வழங்கும் வேறொன்றும் உண்டு; இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தளத்திலுள்ள முகவரிகளை எல்லாம் தேடுபொறிகளுக்குத் தெரிவிப்பதற்காக எக்ஸ்எம்எல் என்னும் வடிவில் எழுதப்படும் ஒரு கோப்பையும் இப்பெயராலேயே வழங்குகின்றனர். அம்முறையைக் கூகுள் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2006-இல் யாகூவும் மைக்ரோசாஃப்டும் அதனை ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். அது இயந்திரம் படிப்பதற்காகத் தளம் கட்டி முடிந்த பின்னர் எழுதப்படுவது. நாம் இங்கே விவரிப்பதோ மனிதர் பார்ப்பதற்காகத் தளம் கட்டும் முன்னர் வரையப்படுவது.

அலங்காரம் அன்று, கடமை

ஊராட்சிக்கு இணையதளம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சி அமைப்புகளுக்கு உறுதியான இடம் அளித்தது. அத்திருத்தத்தால் சேர்ந்த பதினோராவது அட்டவணையில் வேளாண்மை, சிறு பாசனம், குடிநீர், சாலை முதலிய 29 பொருள்கள் இடம்பெற்றுள்ளன. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பொது அதிகார அமைப்புகள் 17 வகை விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று விதிக்கிறது. அவற்றை மக்கள் எளிதில் பெறும்படியும், வட்டார மொழியைக் கருத்திற்கொண்டும் பரப்ப வேண்டும் என்பதும் அப்பிரிவின் கருத்து. அவ்வாறு பரப்பும் வழிகளுள் இணையத்தையும் அச்சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

எளிதில் பெறும்படி என்பதே இதில் முக்கியம். தளத்தின் ஏதோ ஒரு மூலையில் விவரத்தை வைத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. கிடங்கில் நெல் இருந்தும் சாவி இருக்குமிடம் தெரியாவிட்டால் அந்த நெல் யாருக்கும் சோறாகாது.

அலுவலகத்தின் அலமாரியா, மக்களின் கேள்வியா?

தளங்கள் பலவற்றில் காணப்படும் பெரிய குறை, அவை அலுவலகத்தின் அலமாரிகளைப் போலப் பிரிக்கப்பட்டிருப்பதே. எந்தப் பிரிவில் எந்தக் கோப்பு இருக்கிறதோ அதே வரிசையில் பக்கங்களும் அமைகின்றன. அட்டவணையிலுள்ள 29 பொருள்களையும் அப்படியே 29 தலைப்புகளாக முகப்பில் அடுக்கினால் சட்டம் அறிந்தவருக்கு அது சரியாகத் தோன்றும். தெருக்குழாயில் மூன்று நாட்களாகத் தண்ணீர் வராத வீட்டுப் பெண்மணியோ, எந்தப் பொருளின்கீழ்த் தமது குறை அடங்கும் என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது, “குடிநீர் வரவில்லையா? இவரை அழையுங்கள்” என்னும் ஒரு பக்கமே.

தகவலை ஒழுங்குபடுத்தும் கலையில் உலகிற்கே வழிகாட்டியவர் நம் நாட்டவர் ஒருவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூலை 1931-இல் வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே என்பது அவருடைய கொள்கை. வாசகருடைய நேரம் வீணாகக் கூடாது என்பதையும், நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பதையும் அவர் விதிகளாகவே வகுத்தார். நூலகம் என்ற சொல்லிருக்கும் இடத்தில் இணையதளம் என்று வைத்துப் பார்த்தாலும் அக்கருத்துகள் சிறிதும் பொருந்தாமற் போவதில்லை.

வரையும் முன்னர்ச் செய்ய வேண்டியவை

தளப்படம் வரையும் வேலை கணினியில் தொடங்குவதன்று. கேள்விகளைத் திரட்டுவதில் தொடங்குகிறது. ஒரு மாத காலம் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வருகிறவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். “வீட்டு வரி எவ்வளவு?”, “தெருவிளக்கு எரியவில்லை”, “சாதிச் சான்று இங்கே தருவீர்களா?” என்று கேள்விகள் சேரும். மாத முடிவில் எண்ணிப் பார்த்தால் அதிகமாகக் கேட்கப்படுபவை எவை என்பது தெளிவாகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். முப்பது நாற்பது சீட்டுகள் போதும். விவசாயி ஒருவர், மகளிர் குழு உறுப்பினர் ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் என நான்கைந்து பேரை அழைத்துச் சீட்டுகளைப் பாயில் பரப்பி, எவை எவை ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர்களையே அடுக்கச் சொல்ல வேண்டும். அடுக்கிய ஒவ்வொரு குவியலுக்கும் பெயரையும் அவர்களே வைக்கட்டும். அலுவலக மொழியில் நாம் வைக்கும் தலைப்புகளைவிட அவர்கள் வைக்கும் பெயர்களே பொருத்தமாக இருக்கக் காண்போம். பெரிய நிறுவனங்களின் தளங்களை வடிவமைப்போரும் இந்தச் சீட்டு முறையையே கையாளுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு

இவ்வாறு அடுக்கியதில் ஓர் ஊராட்சிக்கு ஆறு குவியல்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். முகப்புக் கட்டத்தின்கீழ் ஆறு கட்டங்கள் வரைகிறோம்: வரியும் குடிநீரும், சான்றுகளும் மனுக்களும், உதவித் திட்டங்கள், ஊரில் நடக்கும் பணிகள், கிராம சபையும் வரவு செலவும், யாரைக் காண்பது என்பன அவை.

‘சான்றுகளும் மனுக்களும்’ என்ற கட்டத்தைப் பார்ப்போம். சாதி, வருமானம், இருப்பிடம் ஆகியவற்றிற்கான சான்றுகளை வழங்குவது வருவாய்த் துறை, ஊராட்சி அன்று. இ-சேவை மையத்தின் வாயிலாக அவற்றிற்கு விண்ணப்பிக்கலாம். கிராமங்களில் பிறப்பு இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தெரிவிப்பது முறை. இவை ஊராட்சியின் வேலையல்ல என்று விட்டுவிடலாம் என அலுவலகம் கருதக்கூடும். ஆனால் மக்கள் முதலில் வந்து கேட்குமிடம் ஊராட்சி அலுவலகமே. ஆகவே, எங்கே போக வேண்டும், என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று சொல்லும் பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். மக்களின் கேள்வியிலிருந்து படம் வரைந்தால்தான் இக்கட்டம் நம் கண்ணுக்குத் தோன்றும். அலமாரியிலிருந்து வரைந்தால் தோன்றவே தோன்றாது.

‘கிராம சபையும் வரவு செலவும்’ என்பதன்கீழ் கூட்ட நாட்கள், கூட்டப் பொருள், தீர்மானங்கள், வரவு செலவுக் கணக்கு, தணிக்கை அறிக்கை என ஐந்து கட்டங்கள் அமையலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் கிராம சபைக்கு உரியனவாயின. ஆண்டுக்கு ஆறு கூட்டமெனில் ஐந்து ஆண்டுகளில் முப்பது கூட்டங்களின் தீர்மானங்கள் சேரும். இன்று ஒரு பக்கமாக இருப்பது நாளை முப்பதாக வளரும் என்பதை எண்ணி, ஆண்டு வாரியாகப் பிரிப்பதற்கு இப்போதே இடம் விட்டு வரைய வேண்டும். வளரும் மரத்திற்குத் தக்கபடி குழி தோண்டுவதைப் போன்றது இது.

அகலமா, ஆழமா?

கிளைகளை எத்தனை அடுக்குகளாகப் பிரிப்பது என்பது அடுத்த வினா. இதுபற்றி 1998-ஆம் ஆண்டில் கெவின் லார்சன், மேரி செர்வின்ஸ்கி என்னும் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். 512 பொருள்களை மூன்று விதமாக அடுக்கினார்கள். ஒன்றில் எட்டு எட்டாக மூன்று அடுக்குகள். மற்ற இரண்டில் 16-உம் 32-உம் கொண்ட இரண்டே அடுக்குகள். மூன்று அடுக்குகளில் தேடியவர்களுக்கே அதிக நேரம் பிடித்தது. ஒரு தலைப்புக்குள் மற்றொரு தலைப்பு, அதற்குள் இன்னொன்று என ஆழமாகப் புதைப்பதைவிட, தெளிவான தலைப்புகளைச் சற்று அகலமாகப் பரப்புவது நலம் என்பது இதனால் விளங்குகிறது.

ஊராட்சியின் தளம் அவ்வளவு பெரிதன்று. முகப்பு, தலைப்பு, பக்கம் என்ற மூன்று நிலைகளுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியின் சிறு திரையிலேயே பெரும்பாலோர் பார்ப்பார்கள் என்பதால் தலைப்புகள் இரண்டு மூன்று சொற்களுக்கு மேற்படாமல் இருத்தல் நன்று. ‘இதர விவரங்கள்’ என்று ஒரு கட்டம் வரையத் தோன்றினால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். எங்கே வைப்பதென்று நமக்கே தெரியாததை எங்கே தேடுவதென்று பிறருக்கு எப்படித் தெரியும்?

கருவியின் பயன்

இதையெல்லாம் காகிதத்திலேயே வரையலாமே என்று கேட்கலாம். தொடக்கத்திற்குக் காகிதமே போதும். ஆனால் ஒரு கட்டத்தை இடம் மாற்ற வேண்டுமானால் காகிதத்தில் முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும். தளப்படம் வரைவதற்கென அமைந்த கணினிக் கருவிகளில் ஒரு கட்டத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்து வேறொரு தலைப்பின்கீழ் வைத்தால் அதன் கிளைகள் எல்லாம் கூடவே வந்துவிடும்.

இன்னும் சில சௌகரியங்களும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் குறிப்பு எழுதி வைக்கலாம். நிறத்தால் வேறுபடுத்தலாம். படத்தின் முகவரியைப் பிறருக்கு அனுப்பினால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருப்பவரும், நகரத்தில் இருக்கும் வடிவமைப்பாளரும் ஒரே படத்தைப் பார்த்துத் தத்தம் கருத்தை அதே கட்டத்தின் அருகில் எழுதலாம். முடிந்த படத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். முன்பே இயங்கிவரும் தளத்தின் பக்கங்களைத் தாமாகவே திரட்டிப் படமாக்கிக் காட்டும் கருவிகளும் இருக்கின்றன. பழைய தளத்தைச் சீர்திருத்த விரும்புவோர்க்கு இது பெரிதும் உபயோகமாகும். எது வேண்டும், எதை எதனோடு சேர்க்கலாம், எது காலங்கடந்தது என்று கட்டம் கட்டமாகப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஸ்லிக்பிளான் முதலியவை இதற்கென்றே அமைந்தவை. சந்தா செலுத்தி உபயோகிப்பவை. டிரா.ஐஓ என்னும் வரைகருவி இலவசமாகவே கிடைக்கிறது. ஃப்ரீபிளேன், லிப்ரே ஆபிஸ் டிரா ஆகியவையும் விலையின்றிக் கிடைப்பவை. ஓர் ஊராட்சியின் தேவைக்கு இலவசக் கருவியே போதுமானது. அன்றியும், கருவி கட்டங்களை நகர்த்துமேயன்றி நமக்காகச் சிந்திக்காது என்பதை மறக்கலாகாது. அழகிய நிறங்களில் வரைந்த படம் தவறான அமைப்பையும் சரியானது போலக் காட்டிவிடக்கூடும்.

கட்டத்திற்கு ஒரு பொறுப்பாளர்

தளங்கள் பாழடைவதற்கு முதற்காரணம் பக்கங்களுக்குப் பொறுப்பானவர் இல்லாமையே. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயங்களைக் குறிக்க வேண்டும்: இப்பக்கத்தை எழுதுபவர் யார்? எந்தப் பதிவேட்டிலிருந்து எழுதுவார்? எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை புதுப்பிப்பார்? விவரம் தயாராக உள்ள கட்டத்திற்குப் பச்சை, தயாராகிக்கொண்டிருப்பதற்கு மஞ்சள், பொறுப்பாளர் இல்லாததற்குச் சிவப்பு என நிறமிட்டால் நிலைமை ஒரே பார்வையில் விளங்கும்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 60 பக்கங்கள் கொண்ட தளத்தில் ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் கவனிக்க வேண்டுமெனில் முப்பது மணி நேரம் ஆகும். ஊராட்சிச் செயலருக்கு இருக்கும் வேலைகளுக்கிடையே இது நடவாத காரியம். 24 பக்கங்கள் இருந்து, அவற்றுள் மாதந்தோறும் மாறுபவை எட்டே என்றால் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிவப்பாகவே நிற்கும் கட்டங்களைத் தயங்காமல் நீக்கிவிட வேண்டும். கடந்த ஆண்டின் கட்டண விவரத்தைக் காட்டும் பக்கம், பக்கமே இல்லாததைவிடத் தீமையானது. நம்பி வந்தவரை அது ஏமாற்றுகிறது. வேறு அரசுத் தளத்தில் முறையாக வெளியாகும் விவரத்தை நம் தளத்தில் மறுபடியும் எழுதாமல், அங்கே செல்ல இணைப்புக் கொடுத்துவிடுவதே சிக்கனம்.

கட்டும் முன் ஒரு சோதனை

படம் முடிந்ததும் அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்குத் தளம் கட்டப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. முதன்மைத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, பத்துப் பேரிடம் தனித்தனியே காட்டி, “குடிநீர்க் குழாய் இணைப்புக்கு மனுக் கொடுக்க வேண்டும், இவற்றில் எதைத் தொடுவீர்கள்?” என்பது போன்ற ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர்களுடைய விரல் முதலில் எங்கே போகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவே நாம் எதையும் எடுத்துச் சொல்லக் கூடாது. பத்தில் நான்கு பேர் வேறிடம் தொட்டால் குறை அவர்களுடையது அன்று; தலைப்பின் பெயர் சரியில்லை, அல்லது கட்டம் தவறான இடத்தில் இருக்கிறது. கருவியில் அதை இடம் மாற்ற ஒரு நிமிடம் போதும். தளம் கட்டிய பின்னர் மாற்றுவதானால் முகவரிகள் மாறும், துண்டறிக்கைகளில் அச்சிட்ட பழைய முகவரிகள் பயனற்றுப்போகும், செலவும் கூடும்.

சோதனையில் தேறிய படத்தை வேலை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட வேண்டும். கட்டிட வேலையை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து பார்ப்பதைப் போலவே, தளம் முடிந்ததும் கட்டத்திற்குக் கட்டம் ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்ளலாம். அச்சிட்ட படம் ஒன்றை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டி வைக்கலாம். எந்தப் பக்கத்திற்கு யார் பொறுப்பு என்பது ஊரார் கண்ணில் படும்படி இருந்தால் புதுப்பிக்கும் வேலையும் தவறாமல் நடக்கும்.

இதற்குப் பெரும் பணமோ, உயர்ந்த படிப்போ தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், நாற்பது துண்டுச் சீட்டுகள், ஒரு கணினி, ஊர் மக்களின் சில மணி நேரம் ஆகியவையே தேவை. இணையதளம் அமைக்கக் கருதியுள்ள ஊராட்சிகள் அடுத்த கிராம சபையிலேயே அந்தச் சீட்டுகளைப் பாயில் பரப்பிப் பணியைத் தொடங்கலாம். யாருக்காகத் தளம் கட்டுகிறோமோ அவர்களே அதன் முதல் கோட்டை வரையட்டும்.